ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய்

அன்புள்ள ரகுபதிக்கு,

நலம். உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கும் செய்தியோடு, பாட்டி காலத்துத் தேக்கு ஊஞ்சலைப் பின்கட்டிலிருந்து எடுத்து அதன் பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டிவிட்டாய் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். மீண்டும் வார்னிஷ் வேண்டாம், எண்ணெயே போதும் என்ற உன் முடிவு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மார்கழியில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாயே, அதில் எண்ணெய், மாதம் இரண்டிலுமே நான் உன்னோடு மாறுபடுகிறேன்.

தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது. மரத்துக்கு ஏற்ற எண்ணெய், தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, எடைகூடக் கொஞ்சம் ஏறி, கெட்டியான படலமாக மாறுகிறது. இதற்கு அந்த எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதியாக இருக்க வேண்டும். அதை அளப்பதற்கு அயோடின் மதிப்பு என்று ஒன்று உண்டு. 130க்கு மேலிருந்தால் காயும் எண்ணெய் என்பது பொதுவான கணக்கு. ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கோ ஏறத்தாழ 10தான். கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் 100க்குள் நின்றுவிடும். நல்லெண்ணெய் சற்று மேலே போனாலும் பிசுபிசுப்பு விடாது. அத்தகைய பலகையில் பட்டுப்புடவையோடு மணப்பெண்ணை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்றே கேட்டு வாங்கு; லின்சீட் என்பது ஆளிவிதைதான். பெயரில்தான் கொதிப்பு இருக்கிறது. இன்று விற்பனையில் இருப்பவை பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்த்து விரைவில் காயும்படி செய்யப்பட்டவை. இந்த உப்புகள் சேராத எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். இது ஓரிரு நாளில் தொடுமளவுக்குக் காய்ந்துவிடும். கடைக்காரர் 'டீக் ஆயில்' என்று எடுத்து நீட்டினால் அது தேக்கிலிருந்து எடுத்தது என்று நம்பிவிடாதே. பெரும்பாலும் ஏதோ ஒரு எண்ணெயும் வார்னிஷும் கலந்த கலவைதான். சீனத்து டங் எண்ணெய் ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் என்றாலும், கூடத்துக்குள் தொங்கும் ஊஞ்சலுக்கு அந்தச் செலவு வீண். நம் கடற்கரையில் படகுகளுக்கு மத்தி மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் பூசுவார்கள். மீன் எண்ணெயின் வாடை கல்யாண வீட்டுக்கு ஆகாது. முந்திரி எண்ணெயோ தோலில் கொப்புளம் எழுப்பிவிடும்.

பூசும் முறையில் ஆசாரிகளே அவசரப்படுவதுண்டு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அது பூசும் எண்ணெயைக் காயவிடாமல் தாமதப்படுத்தும். அதனால் உப்புத்தாள் போட்டு முடித்ததும் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அன்றே முதல் பூச்சைப் பூசிவிடு. முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி போதும். அரை மணி கழித்துப் பார்த்தால் சில இடங்கள் குடித்துவிட்டு மங்கலாகவும், சில இடங்கள் மினுமினுத்துக்கொண்டும் இருக்கும். மங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் தடவு. மினுங்கும் இடத்தை, உள்ளங்கையில் பிசுக்கு ஒட்டாமல் போகும் வரை அழுத்தித் துடைத்து எடு. அந்த மிச்சத்தை அப்படியே விட்டால் மேலே மட்டும் தோல் கட்டி, அடியில் ஆறாத வெல்லப்பாகு போலக் கிடக்கும். பிறகு அதைச் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பலகையின் இரு முனைகளும் சங்கிலி வளையம் ஏறும் துளைகளும் மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடிக்கும் என்பதால் அங்கே தாராளமாகவே கொடு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நன்றாகக் காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள். மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளில் தேக்கின் ரேகை எழுந்து வந்துவிடும்.

இனி மாதம். தொடுமளவுக்குக் காய்வது வேறு, உள்ளே முழுதும் இறுகுவது வேறு. பின்னதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரக்காற்றில் அது இன்னும் நீளும். போதாததற்கு ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கும் நல்ல தீனி. எனவே இந்த ஆவணியிலேயே தொடங்கி, புரட்டாசிக்குள் கடைசிப் பூச்சையும் முடித்துவிடு. மாட்டிய பிறகு வெளிச்சம் படும்படி வை. இருட்டு மூலையில் கிடந்தால் இந்த எண்ணெய் மஞ்சள் தட்டிப்போகும்.

துடைத்த துணிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணெய் காயும்போது வெப்பம் பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து எழுந்த தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வை. பந்தல் துணியும் ஓலையும் வந்து இறங்கவிருக்கும் வீடு என்பதால் வேலையாட்களிடமும் இதைச் சொல்லிவை.

அடுத்த மாதம் மகன் வீட்டுக்குப் போகும் வழியில் உன் ஊரில் இறங்குவதாக இருக்கிறேன். அதற்குள் முதல் பூச்சைப் பூசிவை. இரண்டாவதை நாம் சேர்ந்தே பூசலாம். தங்கைக்கு என் வணக்கங்கள், மணமகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
வேலாயுதம்