அரண்மனைக் கண்ணாடி உனக்குத்தான்

மதுரை,
மார்கழி 21

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பால்வாடிக்கு நீ தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையாடி அவள்! இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை.

நேற்று கூடலழகர் கோயிலில் திருப்பாவையின் இருபதாம் பாட்டு. நப்பின்னையிடம் விசிறியும் கண்ணாடியும் கேட்கிறாளே ஆண்டாள், அந்தப் பாட்டு. கண்ணாடிக்கு அவள் வைத்திருக்கும் பேர் தட்டொளி. கேட்டதுமே அம்மாச்சியின் வெள்ளிக் கண்ணாடி நினைப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்தினேன்.

அது அம்மாச்சி கைக்கு வந்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னேனா தெரியவில்லை. அவள் சின்ன வயசில் ஜமீன் வீட்டுக்குத் தலை பின்னிவிடப் போவாள். ஊரில் அதை அரண்மனை என்றுதான் சொல்வார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு அங்கே சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. அப்போது ஜமீன் வீட்டு அம்மா இதை மட்டும் விற்க விடாமல், சேலைக்குள் சுற்றிக்கொண்டுவந்து அம்மாச்சி மடியில் வைத்தாராம். "என் முகத்தை என்னைவிட அதிகமாகப் பார்த்தவள் நீதான்" என்று சொன்னாராம். கூலிக்கு ஈடாகக் கொடுத்ததில்லை, பிரியத்தில் கொடுத்தது. அம்மாச்சி கடைசிவரை அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

போன மாதம் தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் காட்டினேன். கண்ணாடியின் வெள்ளிச் சட்டத்து ஓரத்தில் மிளகளவுகூட இல்லாத முத்திரைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றில் நடக்கிற சிங்கம், ஒன்றில் நங்கூரம். சிங்கம் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர முத்திரை, கடலே இல்லாத ஊர்! கடைக்காரரோ, "உள்ளே மரம்மா, தகடு கொஞ்சந்தான். உருக்கிக் குங்குமச்சிமிழ் பண்ணிக்கலாம், கண்ணாடியும் புள்ளி விழுந்துபோச்சு" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் இல்லையா, வழியெல்லாம் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி நினைப்புதான். வெர்சாய் அரண்மனையில் இருந்த வெள்ளி மேசை, நாற்காலி எல்லாவற்றையும் 1689-ல் போர்ச் செலவுக்கென்று உருக்கிவிட்டார். அந்தக் காலத்து ஐரோப்பாவின் பிரபு வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளியில் அலங்கார மேசைச் சாமான்கள் கொடுப்பது வழக்கம். அதில் கண்ணாடிதான் பெரிசு. ஆசையாகக் கொடுத்தவை எத்தனை உலைக்குப் போனதோ. இது போகாது, நான் விடமாட்டேன்.

உன் அம்மா தவறிய வருஷம் எங்கள் வீட்டிலிருந்துதானே நீ பள்ளிக்கூடம் வந்தாய். காலையில் திண்ணையில் இந்தக் கண்ணாடி முன்னால் உன்னை உட்காரவைத்து அம்மாச்சி இரட்டைச் சடை போடுவாள். நீ தலையைக் குனிந்தபடியே இருப்பாய். ஒருநாள் அவள் பின்னாலிருந்து எண்ணெய்க் கையோடு உன் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "உங்க ஆத்தா முகம்டி இது, பாரு" என்றாள். நீ பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். பக்கத்தில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அதனால்தான் சொல்கிறேன், இது உன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். உன் மகளுக்குச் சீர் வரிசையில் வைக்க வேண்டாம். தாலி கட்டுகிற அன்றைக்கு அவளை இதன் முன்னால் உட்காரவைத்து, நீயே தலை பின்னிவிடு.

கண்ணாடியை மட்டும் மாற்றிவிடாதே. அதன் பின்னால் பூசியிருப்பதும் வெள்ளிதான், ஈரம் ஏறிப் புள்ளி விழுந்திருக்கிறது. ஆனாலும் உன் அம்மா முகம் தெரிந்தது அதில்தானே. சட்டம் கறுத்தால் திருநீறு தொட்டு மெல்லத் துடை, புளி போடாதே. பூவேலைப் பள்ளத்தில் இருக்கிற கறுப்பை அப்படியே விட்டுவிடு, அது இருந்தால்தான் கொடி எடுப்பாகத் தெரியும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைக்காதே, வெள்ளி கறுத்துப்போகும்.

பொங்கல் முடிந்ததும் வா. வரும்போது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலை ஒன்று எடுத்துவா. அதில் சுற்றித்தான் கொடுத்துவிட வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி