டப்பா பொடியும் எங்கள் கூட்டு மருந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிர்ப்பு சக்தி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, 13 வருடமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ (உடம்பில் சேரும் ஆக்சிஜன் கழிவை அணைக்கிற பொருள்) என்று கட்டுரை முழுக்க எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்களைப் போன்றவர்களிடம் டப்பா டப்பாவாகப் பொடி விற்கிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்தக் கழிவு அதிகம், பொடி அதை அணைத்துவிடும் என்கிறார் விற்கிறவர். அதில் பாதி உண்மை, அதுதான் தொல்லையே. கிருமி உள்ளே இருக்கும்வரை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு ஓய்வே கிடையாது. அவை சண்டையில் கக்குகிற ஆக்சிஜன் கழிவு ரத்தக் குழாய், எலும்பு, சிறுநீரகம் என்று சொந்த உடம்பையே அரிக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். அதை அணைக்க உடம்பே தயாரிக்கிற குளூட்டாதயோன் எங்களுக்குக் குறைவு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிய பிறகும் அழற்சி கொஞ்சம் கனன்றுகொண்டுதான் இருக்கும், மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட எங்களுக்குக் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய ஸ்டாவுடின் மாத்திரையோ உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே கெடுத்தது. கன்னம் ஒட்டி, கால் எரிச்சலோடு அந்தக் காலத்தில் எங்களுக்கு மருந்து தரும் மையத்துக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் பொடி நல்லதுதானே? தான்சானியாவில் எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய 3,400 பேருக்கு மேல் சேர்த்து, பி, சி, இ வைட்டமின்களை அதிக அளவில் ஒரு பாதிக்கும் சாதாரண அளவில் மறு பாதிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. அதிக அளவு சாப்பிட்டவர்களுக்குச் சாவும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிதான் ஏறியது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம், இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. இப்போது எங்களில் பெரும்பாலோர் சாப்பிடும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற, கிருமியை அடக்கும் மருந்து இருக்கிறது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் எல்லாம் வயிற்றில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில் என்றால் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் மாத்திரை போட வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்து நண்பர் ஒருவர் 2,800 ரூபாய் கொடுத்து டப்பா வாங்கி, விடியற்காலையில் டீ கூடக் குடிக்காமல் மாத்திரையையும் பொடியையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மேலே சொன்ன நான்கும் இருக்கிறது! விற்றவருக்குப் போன் போட்டோம், “இயற்கைதானே அண்ணே, ஒண்ணும் ஆகாது” என்றார்.

அப்புறம் பீடி, சிகரெட். ஆக்சிஜன் கழிவைப் பெருக்க இதைவிட வேறொன்று வேண்டாம். மருந்து ஒழுங்காகக் கிடைக்கும் டென்மார்க்கில், புகைபிடிக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் கிருமியால் இழக்கும் ஆயுளைவிடப் புகையால் இழப்பது இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2013இல் எழுதியிருக்கிறார்கள். குடியும் அப்படித்தான், எங்கள் ஊருக்குப் பாண்டி எல்லை வேறு ரொம்பப் பக்கம். (நான் பீடியை விட்டு 4 வருடம் ஆகிறது, அதற்கு முன் மூன்று தடவை விட்டுத் தோற்றவன்.) டப்பா காசுக்கு முருங்கைக்கீரை, நெல்லிக்காய், மத்தி மீன் என்று வாங்கினால் ஒரு மாதம் வீடே சாப்பிடலாம்.

மையத்தில் மாத்திரை கொடுக்கும்போது “வேற என்ன சாப்பிடறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். 40 வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் தவறாமல் பார்க்கட்டும். நீங்களும் அடுத்த இணைப்பில் டோலுடெக்ராவிர் விஷயத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கேள்வி இருப்பவர்கள் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்குப் பேசலாம், இலவசம்.

என் பெயரைப் போட வேண்டாம். வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்