ஆற்றோடு வாழ்கிறவர்களுக்கு விழிப்புணர்வா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணி நதி நலன் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கச் செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி: “கருத்தரங்கில் பங்கேற்ற கிராம மக்களுக்கு நதியின் முக்கியத்துவம் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது.” அந்தக் கிராம மக்களில் நானும் ஒருவன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வயது 68. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே இரண்டு ஏக்கரில் வாழை போட்டிருக்கிறேன். அந்த வரியைப் படித்த பிறகு அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அழைப்பிதழில் ‘சமூகக் கருத்தரங்கம்’ என்றே போட்டிருந்தது. அதை நம்பி எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர் வேன் பிடித்துப் போனோம். வேலை நாள் என்பதால் கூலிக்குப் போகிறவர்களுக்கு அன்றைய வருமானம் போயிற்று. காலையிலிருந்து மதியம் வரை பேசியவர்களில் ஒரே ஒரு மாணவி மட்டும் தமிழில் பேசினார். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று விட்டுப் போகிற துணிகளைப் பற்றிய பேச்சு அது. அந்தப் பிள்ளை நன்றாகப் பேசினாள், அதை மனமாரச் சொல்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் ஆங்கிலம். திரையில் தாமிரபரணிப் பாசனம் 8 அணைக்கட்டு, 11 கால்வாய், 86,107 ஏக்கர் என்று காட்டினார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழ்வரை ஒப்பிக்க எங்களுக்குத் திரை தேவையில்லை. எட்டாவது அணைக்கட்டில் இருக்கிறவனுக்கு மேலே உள்ள ஏழும் தெரிந்தே ஆக வேண்டும். அவற்றைத் தாண்டி வருவதுதானே எங்களுக்குத் தண்ணீர்?

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைக் எங்கள் பக்கம் வந்தது. நான் எழுந்து, “ஐயா, எங்க அணைக்கட்டுல...” என்று தொடங்கினேன். மேடையிலிருந்து, “கேள்வியை மட்டும் கேளுங்க, கதை வேண்டாம், நேரமாச்சு” என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். படித்தவர்கள் கூடிய சபையில் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது கதை இல்லை, ஐயா.

எங்கள் அணைக்கட்டு மண்ணும் அமலைச்செடி என்கிற நீர்க்களையுமாக மேடுதட்டிக் கிடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. மனு எழுதி எழுதி ஓய்ந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகுதான் 2015ல் தூர் வார ஆள் வந்தது. மணல் கொள்ளை நடந்த காலத்தில் ராத்திரி லாரிச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, வயது எண்பதைத் தாண்டிய பிறகு, மணல் கொள்ளைக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010ல் ஆற்றில் மணல் அள்ளத் தடை வந்தது. அன்றைக்கு அவர் சொன்னதையும் கதை என்று யாராவது நிறுத்தியிருந்தால் இன்று ஆற்றில் பாறைதான் மிஞ்சியிருக்கும்.

தண்ணீர்ப் பங்கு என்று எடுத்தால் இன்னும் வயிற்றெரிச்சல். ஆலைகளுக்கான 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன்) திட்டத்தின் தண்ணீர் எங்கள் அணைக்கட்டிலிருந்துதான் போனது. கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூனில் திறக்க வேண்டிய தண்ணீர், கால்வாயின் கடைசியில் இருக்கிற கடைமடைக்கு எட்டாமலே போன ஆண்டுகள் எத்தனையோ. நாற்றங்காலிலேயே நாற்று கருகியதை நான் என் கையால் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். மேலே திருநெல்வேலியில் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி நீதிமன்றம் எத்தனை தடவை கேட்டாயிற்று! கலப்பது அங்கே, குளிப்பது இங்கே. ஆற்றில் குளித்துவிட்டு வந்தால் என் பேரனுக்கு முழங்கை மடிப்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது. அவனை இப்போது ஆற்றுக்கு அனுப்புவதில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை வாளித் தண்ணீரில் குளிக்கிறான்.

2023 டிசம்பர் 17, 18ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மேலே அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும் சமவெளியில் பெய்த மழையும் ஒன்றுசேர்ந்து வந்தன; வழியில் குளங்கள் உடைந்தன. என் வாழைத் தோட்டத்தில் இடுப்பளவு மணல் மூடியது. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் நாளிதழும் அதைப் படத்தோடு போட்டது, வெட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறும், எந்த மேட்டில் நிற்கலாம் என்று அன்றைக்கு எங்களுக்கு யார் விழிப்புணர்வு ஏற்படுத்தினார்கள்?

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்களோடு நடவு வேலைக்குப் போகிற தங்கச்சி ஒருத்தி வந்திருந்தாள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி, அன்று விடியற்காலையில் எங்கள் படித்துறையில் ஆற்றுத் தண்ணீர் பிடித்து, மூடியைத் துணி வைத்து இறுக்கி, மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தாள். பெரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிற இடம், சோதித்துச் சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறாள். “அண்ணாச்சி, இத யார்ட்ட குடுக்கணும்?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த தம்பியிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. கூட்டம் முடியும்வரை பாட்டில் அவள் காலடியில் நாற்காலிக்குக் கீழேயே இருந்தது. திரும்பி வரும்போது வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆராய்ச்சி செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் உழைப்பு எனக்கு வேண்டும். ஆற்றைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிய மண்டபத்தில் ஆற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்தப் பாட்டில் இப்போது என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தார் கண்ணில் படும். எங்கள் படித்துறைத் தண்ணீரை ஒரு தடவை சோதித்து, குளிக்கலாமா கூடாதா, மாட்டுக்குக் காட்டலாமா கூடாதா என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பாட்டிலில் நாள்பட்ட தண்ணீர் சோதனைக்கு ஆகாது என்பார்கள். அப்படியானால் அவர்களே வந்து புதிதாக எடுத்துக்கொள்ளட்டும். காலை ஆறு மணிக்கு வந்தால் நானும் அந்தத் தங்கச்சியும் படித்துறையில் நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் 40 ஆண்டு வாசகன்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.