எடைக்குப் போடாதே, அக்கா

அக்காவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஐந்து அட்டைப்பெட்டி, பிரவுன் தாள் போட்ட புத்தக முதுகுகள், கீழே ஒரே ஒரு வரி: "எடைக்குப் போட்டுடட்டுமா?"

போடாதே. ரத்தம் குடிக்கும் வாம்பயரும் விலங்காக உருமாறுகிறவர்களும் காதலிக்கும் நம் பாராநார்மல் ரொமான்ஸ் நாவல்கள் அவை. எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இதை உனக்குத் தனியாகவே சொல்லியிருக்கலாம்தான். நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஆனால் இவை எதற்கு என்று அன்று நீ கேட்டதும் நாலு பேர் பார்க்கத்தான்.

அன்று பந்தி முடிந்து எல்லாரும் கூடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். நீ என் பையிலிருந்து புத்தகத்தை உருவினாய், தாளைக் கழற்றினாய், அட்டையை உயர்த்திப் பிடித்தாய். "முடிவு மொத பக்கத்துலயே தெரியும். அப்புறம் எதுக்குடி முப்பது புஸ்தகம்?" எல்லாரும் சிரித்தார்கள். புத்தகம் கைமாறிக் கைமாறிப் போய்விட்டு என்னிடம் திரும்பி வந்தது. பதில் என்னிடம் இருந்தது, அக்கா. அந்தக் கூடத்தில் அதைச் சொல்ல இடமில்லை.

முடிவு தெரியும் என்பது உண்மைதான். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் தன் வரையறையிலேயே அதை எழுதி வைத்திருக்கிறது. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். வாம்பயர் வந்தாலும் ஓநாய்மனிதன் வந்தாலும் இந்த இரண்டு நிபந்தனையும் மாறாது. கொலைகாரன் அகப்படுவான் என்று தெரிந்துதான் துப்பறியும் நாவலையும் வாங்குகிறோம். அதற்காக மாமாவை யாரும் கூடத்தில் நிறுத்திக் கேட்டதில்லை. சேர்வார்களா என்று பார்க்க நாம் படிப்பதில்லை. இவர்கள் எப்படித்தான் சேர முடியும் என்று பார்க்கப் படிக்கிறோம்.

சாதாரணக் காதல் நாவலில் தடைக்குத்தான் இன்று பஞ்சம். ஒரு போன் காலில் தீர்ந்துவிடும் சந்தேகத்தை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கிறார்கள். பாராநார்மலில் தடை உடம்பிலேயே இருக்கிறது, அந்த உலகத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. நளினி சிங்கின் சை-சேஞ்ச்லிங் சீரிஸை எடுத்துக்கொள். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர் அவர். முதல் புத்தகம் 'ஸ்லேவ் டு சென்சேஷன்' 2006 இல் வந்தது. கதை நடப்பது 2079 இல். சை என்ற இனத்தார் மனோசக்தி உள்ளவர்கள். தங்களுக்குள் பெருகிய பைத்தியத்துக்கும் கொலைவெறிக்கும் பயந்து 1979 இல் உணர்ச்சியையே துறந்துவிடுகிறார்கள். பிறக்கும் குழந்தையிலிருந்து எல்லாருக்கும் அந்தப் பயிற்சி. அவர்கள் மனங்கள் எல்லாம் சைநெட் என்ற ஒரே வலையில் கோக்கப்பட்டிருக்கின்றன. வலையிலிருந்து அறுந்தால் உயிர் போய்விடும். ஹீரோயின் சாஷா அந்த இனத்தவள். ஹீரோ லூக்கஸ் சிறுத்தையாக உருமாறுகிறவன், தொடுதல் இல்லாமல் வாழவே முடியாத ஒரு கூட்டத்தின் தலைவன். அவள் அவனிடம் போனால் செத்துப்போவாள். இது மாமியார் சம்மதித்துத் தீரும் தடை இல்லை. ஆசிரியர் தொடக்கத்திலேயே இந்தச் சட்டத்தை நம் எதிரில் வைத்துப் பூட்டிவிடுகிறார். பூட்டை உடைக்காமல் அவர் எப்படித் திறக்கிறார் என்பதுதான் மீதிப் புத்தகம். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு மந்திரத்தைக் கொண்டுவந்து திறந்தால் அது ஏமாற்று. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

சாவில்லாதவனைக் காதலித்தால் இன்னொரு சிக்கல் உண்டு. அவனுக்கு அறுநூறு வயது, அவளுக்கு இருபத்தெட்டு. இதற்கு மூன்று வழிதான் இருக்கிறது. அவளையும் வாம்பயர் ஆக்கலாம். அப்போது அவள் வெயிலையும் அம்மாவையும் இழப்பதைக் காட்டியாக வேண்டும், பெரும்பாலோர் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பேரின் ஆயுளையும் முடிச்சுப்போடலாம். அது சுலபம், அதனாலேயே கனமில்லாமல் போகும். அல்லது அவனை மனிதனாக்கலாம். அவன் எதனால் நம்மை ஈர்த்தானோ அதுவே போய்விடுவதால் இந்த வழியில் போகிறவர்கள் குறைவு. ஒரு புதிய சீரிஸை எடுத்தால் முதலில் நான் பார்ப்பது ஆசிரியர் இந்த மூன்றில் எதை எடுக்கிறார், அதற்கு என்ன விலை வைக்கிறார் என்பதைத்தான்.

விதித்த ஜோடி விஷயத்தில் உனக்கும் எனக்கும் எப்போதும் சண்டைதான். கிறிஸ்டீன் ஃபீஹானின் 'டார்க் பிரின்ஸ்' 1999 இல் வந்தது. அதில் வரும் கார்பேத்தியன் என்ற இனத்து ஆண்களுக்கு இருநூறு வயதுக்கு மேல் உணர்ச்சியும் போய்விடும், நிறமும் தெரியாது. உலகமே சாம்பல் நிறம். தனக்கென்று விதிக்கப்பட்ட பெண்ணைக் கண்டதும் நிறங்கள் திரும்பி வரும். இவ்வளவு நல்ல கற்பனையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதே உலகத்தில் ஆண் சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் போதும், பெண் சம்மதிக்காவிட்டாலும் பிணைப்பு விழுந்துவிடும். அங்கேதான் நீ புத்தகத்தை மூடி வைத்தாய். நான் மூடவில்லை. நீ சொன்னது சரி, அந்த இடம் சரியில்லை. ஆனாலும் நான் படித்ததற்குக் காரணம் உண்டு. 'உன்னைத் தவிர யாரும் இல்லை' என்பது மனிதர்கள் சொல்லும்போது வெறும் பேச்சு. இந்த நாவல்களில் அது உடம்பின் உண்மை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். பிணைப்பை ஹீரோ உணர்வான், ஹீரோயின் மறுக்கலாம், அவள் ஏற்கும்வரை அவன் காத்திருக்க வேண்டும். விதி பாதி, விருப்பம் பாதி என்று வைத்தபிறகுதான் இந்த வகை நிமிர்ந்தது.

இனி உன் 'முப்பது புஸ்தகம்'. ஒரே ஜோடியைப் பல புத்தகங்களுக்கு இழுப்பது ஒரு வழி. அதை அர்பன் ஃபேண்டசி, அதாவது நகரத்தில் நடக்கும் மாயக்கதை, பக்கம் தள்ளுவார்கள். இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் எழுதும் கணவனும் மனைவியும் கேட் டேனியல்ஸ் சீரிஸை 2007 முதல் 2018 வரை பத்துப் புத்தகத்தில் முடித்தார்கள். ஹீரோயின் கேட்டும் ஹீரோ கர்ரனும் சேர்வது நான்காவதில்தான். மற்ற வழி, புத்தகத்துக்கு ஒரு ஜோடி. பின்னணிப் போர் மட்டும் தொடர்ந்து நடக்கும். இங்கே அடுத்த ஜோடியின் விதையை ஒன்றிரண்டு புத்தகம் முன்பே போட்டுவிட வேண்டும். காரணம் சொல்லாத ஒரு தழும்பு, பாதியில் நின்ற ஒரு பேச்சு, அவ்வளவு போதும். இது அளவு மீறினால் இப்போதைய ஜோடியின் புத்தகம் அடுத்தவர்களுக்கான காத்திருப்பு அறையாகிவிடும்.

ஜே.ஆர்.வார்டின் பிளாக் டேகர் பிரதர்ஹுட், வாம்பயர் வீரர்களின் சீரிஸ், 2005 இல் தொடங்கியது. முதல் புத்தகத்திலேயே ஸேடிஸ்ட் என்ற வீரன் இருக்கிறான்: முகத்தில் தழும்பு, ஒரு நூற்றாண்டு ரத்த அடிமையாகக் கட்டிவைக்கப்பட்டவன், யாரும் தொட்டால் தாங்காதவன். இரண்டாவதில் பெல்லா அவனைப் பார்க்கிறாள்; அதன் முடிவிலேயே எதிரிகள் அவளைக் கடத்திவிடுகிறார்கள். மூன்றாவது, 2006 இல் வந்த 'லவர் அவேக்கண்ட்', அவனுடையது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அங்கே வருகிறது. அதுவரை பயமுறுத்தியவன் அந்த இடத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். இரண்டு புத்தகம் காத்திருந்ததால்தான் அந்தப் பக்கம் அப்படி அடிக்கிறது. தனி நாவலில் அது வெறும் தகவல். முப்பது எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

அந்த மூன்றாவது புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் நீ போட்ட வம்ச அட்டவணை இருக்கிறது. யார் யாருக்கு அண்ணன், யார் இன்னும் தனியாள், அடுத்து யாராக இருக்கும் என்று அம்புக்குறிகள். பிளேவும் க்வினும் வெறும் பயிற்சிப் பையன்களாக இருந்தபோதே இருவருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தாய். அவர்கள் புத்தகம் 2013 இல் வந்தது. அந்தச் சீரிஸில் இரண்டு ஆண்களை நாயகர்களாக வைத்து வந்த முதல் முழு நாவல் அதுதான். அவ்வளவு கூர்மையாகப் படித்தவள் நீ. உன்னைப்போல் படிக்க இன்றுவரை எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அதே கைதான் அட்டையை உயர்த்திக் காட்டியது. நீ படித்தவரை அது நம் ரகசியம், நீ நிறுத்தியதும் அது குப்பையா? ஒரு புத்தகம் பிடிக்காமல் போகலாம், ஒரு வகையே பிடிக்காமல் போகலாம். உன்னிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டவளை எல்லார் முன்னாலும் தனியாக நிறுத்தியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ ஏன் நிறுத்தினாய் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். பெரியம்மாவும் சித்தியும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். அது உன் விஷயம். நிச்சயமாகச் சேர்வார்கள் என்று சொல்லும் கதையைத் தாங்க முடியாத வருஷங்கள் மனிதருக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகு யோசித்திருக்கிறேன். யோசித்தாலும், அந்தக் கூடம் நியாயமாகிவிடவில்லை.

இந்தச் சீரிஸ்கள் எல்லாம் ஒழுங்காகப் போகின்றன என்று நான் சொல்லவில்லை. 2007 இல் வந்த வார்டின் 'லவர் அன்பவுண்ட்' நாவலில் ஹீரோயின் ஜேன் செத்துப்போய் ஆவியாகத் திரும்பி வருகிறாள். நினைத்தபோது உடம்பு திடமாகும் என்று சமாதானம் சொன்னாலும் வாசகர்கள் பலர் அதை ஜோடி சேர்ந்ததாக ஏற்கவில்லை. சேர்ந்தே தீருவார்கள் என்ற ஒப்பந்தத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்ட முடிவு அது, கோபம் சரிதான். சார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வேறு கதை. 2001 முதல் 2013 வரை 13 புத்தகம். கடைசியில் சூக்கி வாம்பயர் எரிக்கோடு போகாமல் சாமோடு நிற்கிறாள், பெரிய ரகளை ஆனது. ஆனால் அவை முதலிலிருந்தே துப்பறியும் நாவல்களாக எழுதப்பட்டவை. ரொமான்ஸின் வாக்குறுதியை ஆசிரியர் தரவில்லை, வாசகர்கள் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். அதனால் நான் ஹாரிஸ் பக்கம். லாரல் கே.ஹாமில்டனின் அனிட்டா பிளேக் 1993 இல் தொடங்கியபோது கொலை விசாரணையும் காதலும் சரியாகக் கலந்திருந்தன. 2001 இன் 'நார்சிசஸ் இன் செயின்ஸ்' முதல் விசாரணை சுருங்கிப்போனது, நிறையப் பேர் இறங்கிக்கொண்டார்கள். இன்னொரு வியாதி பொதுவானது. ஒவ்வொரு வில்லனும் முந்தியவனைவிடப் பெரியவனாக வேண்டும் என்று போனால் எட்டாவது புத்தகத்தில் கடவுளோடு சண்டை வந்துவிடும், ஒன்பதாவதுக்கு எதிரியே இருக்காது. நளினி சிங் இதில் தப்பித்தது, எதிரியை வளர்க்காமல் சைநெட்டையே நோயாளியாக்கியதால்தான். வலை நைந்துகொண்டே வருகிறது. அதை அடித்து ஜெயிக்க முடியாது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெட்டியில் நாற்பதுக்கு மேல் அடுக்காதே, கனம் தாங்காமல் அடி பிய்ந்துவிடும். இவை மலிவான தாள், வெளிச்சமும் காற்றும் பட்டே பழுப்பாகின்றன. முதுகுப் பசை காய்ந்து இறுகியிருக்கும், அகல விரித்தால் பக்கம் கொத்தாகக் கையோடு வரும். படுக்கவைத்து அடுக்கு. நிற்கவைத்தே ஆகவேண்டுமென்றால் முதுகு கீழே இருக்கட்டும். திறக்கும் பக்கம் கீழே இருந்தால் தாள்களின் கனம் பசையைப் பிய்த்துவிடும். பிரவுன் தாளைக் கழற்றிப் பார்த்துவிட்டு வை, உள்ளே ராமபாணப் பூச்சி இருக்கும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைப் போடு, ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். முன்னட்டைக்கு உள்ளே இன்னொரு படம் உள்ள புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றின் வெளி அட்டை ஓரம் குட்டையாக இருக்கும், சுலபமாக மடியும், அவற்றை மேலே வை. சீரிஸ்களைக் கலக்காதே. வெளிவந்த வருஷ வரிசையில் அடுக்கினால் போதும், படிக்கும் வரிசையும் பெரும்பாலும் அதுதான்.

நான் சனிக்கிழமை வருகிறேன். இனி உனக்காகக் காத்திருந்து படிக்கப்போவதில்லை. புதியவற்றை நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போகிறேன். மறுபடி உனக்குத் தோன்றினால் பழையதிலிருந்து தொடங்காதே. நீ நிறுத்தியது சை-சேஞ்ச்லிங் பதினைந்தாவதில், 2016 இல். அடுத்த வருஷமே 'சில்வர் சைலன்ஸ்' வந்து புதிய சுற்று தொடங்கிவிட்டது. இடம் மாஸ்கோ. ஹீரோ கரடியாக உருமாறுகிறவன், வாலண்டின். ஹீரோயின், பழைய புத்தகங்களில் வரும் கேலப்பிடம் உதவியாளராக இருந்த சில்வர். இவளுக்கு ஒரு புத்தகம் வரும் என்று நீ அடித்துச் சொன்னாய், நான் இல்லை என்றேன். அவளுக்கு உள்ளே என்ன சிக்கல், அது எப்படித் தீர்கிறது என்பதை நான் சொல்லமாட்டேன். சேர்ந்துவிடுகிறார்கள்.

தங்கை