கோப்புப் பெயர் ரீஃபேக்டரிங்கை மறுபடி ரிவ்யூவுக்கு எடுங்கள்

நிரல்களில் பிழைகளைத் தேட உதவும் டீபக்கரைப் பராமரிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோப்புப் பெயர்களைக் கையாளும் நிரலை மொத்தமாக மாற்றி எழுதிய பேட்ச் (நிரல் திருத்தம்) தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தத் தொடர், எப்போது மெர்ஜ் ஆனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். "நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை" என்று அதன் குறிப்பில் முதல் வரியிலேயே இருந்தது. ரிவ்யூ செய்தவர்கள் அந்த வரியை நம்பினார்கள். மாறிகளின் பெயர், கான்ஸ்ட் எங்கே வர வேண்டும், எது எந்த ஹெடரில் இருக்க வேண்டும் என்று நிறையப் பேச்சு நடந்தது. பாதையில் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் இணைப்பு) இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. தொடர் அப்படியே உள்ளே போய்விட்டது.

அதனால் கேட்கிறேன்: அந்தத் தொடரைத் திரும்பப் பெறுங்கள். சிறு சிறு பேட்சுகளாகப் பிரித்து, மறுபடி ரிவ்யூவுக்கு வையுங்கள்.

பழைய நிரலைக் காப்பாற்ற வேண்டும் என்பதல்ல என் வாதம். முழுப் பாதை தர ஒரு ஃபங்ஷன், திரையில் காட்ட இன்னொன்று, இரண்டு பெயர்களை ஒப்பிட ஆளுக்கொரு வழி என்று அது சிதறிக் கிடந்தது. யார் நினைவகத்தை விடுவிக்க வேண்டும் என்பதே சில இடங்களில் புரியாது. யாரும் கை வைக்கத் தயங்கிய இடத்தில் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சிதறிக் கிடந்தவற்றை ஒரே கிளாஸுக்குள் கொண்டுவந்தபோது, அந்த கிளாஸ் உருவாகும் நொடியிலேயே பாதையைச் "சுத்தம்" செய்துவிடுகிறது. நடுவில் வரும் இரட்டைப் புள்ளிகளை ('..', ஒரு கோப்புறை மேலே போ என்பதன் குறி) எழுத்து அளவிலேயே சுருக்கிவிட்டு, சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்கிறது. கம்பைலர் எழுதிய மூலப் பெயர் அதோடு போய்விடுகிறது. இது நடத்தை மாற்றம் இல்லை என்றால் வேறு எதுதான் நடத்தை மாற்றம்?

இதனால் என்ன நடந்தது என்று ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் ஒரு கிராஷைத் தேடிக்கொண்டிருந்தார். பில்ட் நடந்த இயந்திரத்தில் மூலக் கோப்புகளுக்குப் போகும் வழியில் ஒரு சிம்லிங்க் உண்டு. '/வேலை/நடப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் '/களஞ்சியம்/வெளியீடு/மூலம்' என்ற கோப்புறையைக் காட்டுகிறது. கம்பைல் நடந்த கோப்புறையை, ஷெல் சொல்லும் பெயர் சரியாக இருந்தால் அந்தப் பெயரிலேயே ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஆகவே டிவார்ஃப் தகவலில் (டீபக்கருக்காகக் கம்பைலர் எழுதி வைக்கும் குறிப்பு) பதிவானது '/வேலை/நடப்பு'. அதோடு, மேக்ஃபைலில் இருந்த சார்புப் பாதை '../பொது/பட்டியல்.சி'. இரண்டையும் சேர்த்தால் '/வேலை/நடப்பு/../பொது/பட்டியல்.சி'.

இந்தப் பாதையை இயங்குதளத்தின் கெர்னலிடம் கொடுத்தால் அது சிம்லிங்க் வழியாகப் போய், அங்கிருந்து ஒரு படி மேலே ஏறி, '/களஞ்சியம்/வெளியீடு/பொது/பட்டியல்.சி' என்ற சரியான கோப்பைத் திறக்கும். உங்கள் புதிய கிளாஸ் 'நடப்பு' என்பதையும் இரட்டைப் புள்ளியையும் ஒன்றுக்கொன்று அடித்துவிட்டு '/வேலை/பொது/பட்டியல்.சி' என்று முடிவு கட்டுகிறது. அந்தப் பெயரில் கோப்பே இல்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்போம், "கோப்பு கிடைக்கவில்லை" என்றாவது வந்திருக்கும். அங்கே பழைய பிரதி ஒன்று கிடந்தது. டீபக்கர் அதைத் திறந்து, அந்த வரிகளைத்தான் காட்டியது.

மூலக் கோப்பு புரோகிராமைவிடப் புதியதாக இருந்தால் டீபக்கர் எச்சரிக்கும். பழையதாக இருந்தால் ஒரு வார்த்தையும் வராது. அவர் திரையில் பார்த்தது இதுதான்: நிறுத்திய வரியில் ஒரு மூடும் அடைப்பு. அடுத்த அடி வைத்தால் ஒரு கமெண்ட். அதற்கடுத்து, அந்த ஃபங்ஷனிலேயே இல்லாத ஒரு மாறி. ஆப்டிமைசேஷன் வரிகளைக் குழப்புகிறது என்று நினைத்து, ஆப்டிமைசேஷன் இல்லாமல் மறுபடி பில்ட் செய்தார். அப்போதும் அதே கதை. பிறகு கம்பைலரைச் சந்தேகித்தார். எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் வரி அட்டவணையைக் கொட்டிப் பார்த்தார், அதில் எல்லாம் சரியாக இருந்தது. மெமரியில் எங்கோ எழுதிக் கெடுக்கிறோமோ என்று அதன் பின்னாலும் போனார். பொய் சொல்வது டீபக்கர்தான் என்பது கடைசியாகத்தான் தோன்றியது. யாருக்குமே அது கடைசியாகத்தான் தோன்றும். மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்க உதவும் கருவி அது. அதையே சந்தேகிக்க வேண்டி வந்தால் வேலை எங்கிருந்து தொடங்குவது?

கம்பைலர் எழுதி வைத்த பெயர் சாட்சியின் வாக்குமூலம் மாதிரி. கேட்பதற்கு நன்றாக இல்லை என்று அதைத் திருத்தி எழுத யாருக்கும் உரிமை இல்லை. வட்டில் கோப்பைத் தேடும் பாதை வேறு. பயனருக்குக் காட்டும் பெயர் வேறு. மூன்றுக்கும் மூன்று வேலைகள். பழைய நிரல் அலங்கோலமாக இருந்தாலும் இந்த மூன்றையும் பிரித்தே வைத்திருந்தது. புதியது ஒன்றாக்கிவிட்டது.

பாதை மாற்று விதிகளும் இதே காரணத்தால்தான் உடைந்தன. பில்ட் இயந்திரத்தின் '/வேலை/நடப்பு/..' என்ற முன்னொட்டை என் கணினியில் உள்ள கோப்புறைக்கு மாற்று என்று விதி எழுதி வைத்திருப்போம். இப்போது விதி ஓடுவதற்கு முன்பே பாதை சுருங்கிவிடுவதால் முன்னொட்டு பொருந்துவதில்லை. பிழைச் செய்தி கிடையாது. பிரேக்பாயிண்ட் (புரோகிராமை நிறுத்தச் சொல்லிக் குறித்த இடம்) காத்திருப்பில் நிற்கும், புரோகிராம் ஓடி முடிந்துவிடும்.

ஒப்பிடும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பெயர்கள் ஒன்றா என்று பார்க்க, சிம்லிங்க் எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பது செலவான வேலை. அதனால்தான் ஜிடிபி (ஜிஎன்யூ டீபக்கர்) வழக்கமாக முதலில் பாதையின் கடைசிப் பகுதியை மட்டும் ஒப்பிடுகிறது; அது பொருந்தாவிட்டால் மேலே போவதில்லை. ஒரே கோப்புக்கு வேறு வேறு கடைசிப் பெயர்கள் இருக்கலாம் என்றால், அதற்கென்று தனியாக ஒரு அமைப்பு உண்டு. உங்கள் புதிய சமக்குறி ஆப்பரேட்டர் ஒவ்வொரு முறையும் முழுப் பாதையையும் விரிக்கிறது. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. மூலக் கோப்புகள் நெட்வொர்க் வட்டில் இருந்தால், ஒரு பிரேக்பாயிண்ட் வைக்க எழுந்து போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. டிவார்ஃப் 5 பதிப்பின் கோப்பு அட்டவணையில் ஒரே கோப்பு 0 என்ற எண்ணிலும் 1 என்ற எண்ணிலும் இரண்டு முறை வருவதும் சகஜம். ஒப்பீடு சரியாகவும் வேகமாகவும் இல்லாவிட்டால் அந்தச் சுமை அங்கேயும் ஏறும்.

லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸ் புரோகிராமை டீபக் செய்பவர்கள் நிலை இன்னும் மோசம். பின்சாய்கோடு லினக்ஸில் பெயருக்குள் வரக்கூடிய சாதாரண எழுத்து, விண்டோஸில் அது பிரிப்பான். எந்த விதியைப் பின்பற்றுவது என்பதைப் புரோகிராம் ஓடும் இடம் தீர்மானிக்க வேண்டும், டீபக்கர் ஓடும் இடம் அல்ல. ஜிடிபியில் அதற்கும் தனி அமைப்பு இருக்கிறது. புதிய கிளாஸில் அந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. ஆங்கிலம் அல்லாத கோப்புப் பெயர்களையும் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 'கொ' என்ற எழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு. லினக்ஸில் அவை இரண்டு தனித்தனிக் கோப்புகள். "பெயர்களைச் சுத்தம் செய்கிறோம்" என்று கிளம்பும் எவரும் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

"எல்லா டெஸ்டும் பாஸ்" என்று நீங்கள் சொன்னது உண்மைதான். உங்கள் டெஸ்டுகள் எல்லாம் ஒரே இயந்திரத்தில், ஒரே கோப்புறையில் பில்ட் ஆகி அங்கேயே ஓடுகின்றன. சிம்லிங்க் இல்லை, இடமாற்றம் இல்லை. மாறிய நடத்தையைச் சோதிக்காத டெஸ்ட் பாஸ் ஆவதில் என்ன ஆறுதல்? இதைப் பற்றி வந்த புகார்களும் "எங்களால் மறுபடி நிகழ்த்த முடியவில்லை" என்று மூடப்படுகின்றன. பத்து வரிப் பேட்ச் அனுப்புகிறவர் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளைத் தொடும் பேட்ச், முழுதாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை என்பதாலேயே சுலபமாகத் தாண்டிவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பராமரிப்பு வேலையில் உங்களுக்கு இருக்கும் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரிவ்யூவில் கேள்வி கேட்டவர்களும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்துத்தான் படித்தார்கள். அவர்களுக்கு ஒரு பதிலாவது வந்திருக்க வேண்டும்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். தொடரைத் திரும்பப் பெறுங்கள், பிரித்து மறுபடி வையுங்கள். முதலில் டெஸ்டுகள் மட்டும் உள்ளே வரட்டும்: சிம்லிங்கைத் தாண்டும் இரட்டைப் புள்ளி, பாதை மாற்று விதி, பின்சாய்கோடு, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். பழைய நிரல் இவற்றில் என்ன செய்கிறதோ, அது சரியோ தவறோ, அப்படியே பதிவாகட்டும். அப்புறம் இடம் மாற்றுவது, பெயர் மாற்றுவது போன்ற இயந்திர வேலைகள் தனிப் பேட்சுகளாக வரலாம். அவற்றைப் பார்க்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது. நடத்தை மாறும் இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கத்தோடு வர வேண்டும். கம்பைலர் எழுதிய பெயர், தேடும் பாதை, காட்டும் பெயர் மூன்றுக்கும் தனித்தனி டைப் கொடுத்துவிட்டால், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போடும் தவற்றை கம்பைலரே பிடித்துக் கொடுக்கும். டிவார்ஃப் 5 வந்தது 2017-ல். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எம்டி5 அடையாளத்தைப் பதிய அதில் இடம் உண்டு. கம்பைலர் அதை எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, தவறான கோப்பைத் திறந்திருக்கிறோம் என்று பயனருக்குச் சொல்லவும் முடியும். அதைத் தனி வேலையாக, பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முழுதாகத் திரும்பப் பெறுவது இப்போது கஷ்டம் என்றால், கிளாஸ் உருவாகும்போது சுருக்கும் அந்த ஒரு அழைப்பையாவது உடனே நீக்கிவிட்டு மீதியைப் பேசலாம். சிம்லிங்க் டெஸ்டுகளை நானே எழுதித் தருகிறேன். மேலே சொன்ன பாதையை எந்த லினக்ஸ் இயந்திரத்திலும் சில கோப்புறைகளும் ஒரு சிம்லிங்கும் வைத்து உருவாக்கிவிடலாம். அடுத்த வெளியீட்டுக்கான கிளை பிரிவதற்கு முன் இதை முடிவு செய்து, ரிவ்யூ எப்போது மறுபடி திறக்கும் என்று தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டீபக்கரைத் தினமும் பயன்படுத்தும் நிரலாளர்களில் ஒருவர்