செவலைக்கு இடி பழக்கிய எல்லோருக்கும்

வணக்கம்.

எங்கள் வீட்டு நாய் செவலை இப்போதெல்லாம் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். கொஞ்சம் மூச்சிரைக்கும், கொட்டாவி விடுவான், அவ்வளவுதான். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தமாக நின்றவன் இவன்தான் என்றால் புதிதாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். இது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் ஆன காரியம் இல்லை. யாரால் ஆனது என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

முதல் நன்றி டாக்டரம்மாவுக்கு. பயத்துக்கு மருந்து கேட்டுத்தான் போனோம். அவரோ, "எந்த வயதில் ஆரம்பித்தது?" என்று கேட்டார். குட்டியில் இடிக்கு அசையாதவன், நடுவயதில்தான் மாறினான் என்றதும், அவனை நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னங்கால்களை மெல்ல நீட்டி மடக்கினார். ஓரிடத்தில் செவலை சட்டென்று தலையைத் திருப்பி அவர் கையை முகர்ந்தான். இடுப்பு மூட்டில் வலி! திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு விறைக்கும்போது அந்த வலி கூடும், போகப்போகச் சத்தம் என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும் என்று விளக்கினார். தசை, மூட்டு வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் பிந்திய வயதில் தொடங்குவதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது. வலிக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் எடுபட்டது.

"மயங்கிக் கிடக்கிற மாதிரி ஏதாவது கொடுங்களேன்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அசிப்ரோமசின் போன்ற மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்புதான் அடங்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்றார். அதற்குப் பதிலாகப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து எழுதி, வானம் கறுக்கும்போதே கொடுக்கச் சொன்னார்.

அடுத்து பயிற்சியாளர் தம்பி. மழைக்காலம் ஓய்ந்த பிறகே வேலையைத் தொடங்கினார். பதிவு செய்த இடிச் சத்தத்தை எங்களுக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு வைத்தார். செவலையின் ஒரு காது மட்டும் திரும்பியது. அந்த நொடியில் ஒரு தின்பண்டம். சத்தம் முதலில், தின்பண்டம் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். தின்ன மறுத்தால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், பேசாமல் குறைத்துவிட வேண்டும். ஆனால் பதிவில் மின்னலும் காற்றும் ஜன்னல் அதிர்வும் வராதே? அதற்காகத்தான் திரைச்சீலையும், மின்விசிறி இரைச்சலும், உள்ளறைக் கட்டிலடியும்.

பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை. தம்பி சிரித்தார். "பரிசு கொடுத்தால் வளர்வதற்குப் பயம் என்ன அவன் வேண்டுமென்றே செய்கிற சேட்டையா? பக்கத்தில் வந்தால் தடவிக்கொடுங்கள்" என்றார். அன்றைக்கு எங்களுக்குத்தான் பெரிய நிம்மதி.

பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தனியாக ஒரு நன்றி. வாசலில் பந்து மோதினாலும், கதவு அடித்துச் சாத்தினாலும், கேட் வழியாக ஒரு பிஸ்கட் வந்து விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனாகவே பிடித்துக்கொண்ட வித்தை. செவலை கொஞ்சம் பெருத்தும்விட்டான். மூட்டு வலிக்காரன் பெருக்கலாமா என்று டாக்டரம்மா முறைத்தது எங்களைத்தான்! இப்போது பிஸ்கட்டைத் துணுக்காக உடைத்துப் போடுகிறான்.

வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடியவனைத் தன் அறையில் உட்காரவைத்து, கழுத்துப் பட்டையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்ட காவலாளி ஐயா, உங்கள் பெயரைக்கூட அன்று கேட்டுக்கொள்ளவில்லை. பதறி ஓடிவந்த எங்களிடம் முதலில் தண்ணீரை நீட்டினீர்கள். மறக்க மாட்டோம்.

அப்புறம், மாடி வீட்டு அண்ணா, ட்ரில்லிங் மெஷினை எடுப்பதற்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுவீர்கள். நாங்களும் அந்த நேரத்துக்கு அவனை நடக்கக் கூட்டிப்போய்விடுவோம். அலமாரி வேலை இன்னும் பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டோம். தாராளமாகத் தொடங்குங்கள், வழக்கம்போல ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
செவலை வீட்டார்