வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ரப்பர் விவசாயிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பருக்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறது, குமரி மாவட்ட விவசாயிகள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது அடிபடுகிறது. காகிதத்தில் அது சரிதான். 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில், வரிச்சலுகை தர முடியாது என்று இந்தியா ஒதுக்கிவைத்த விலக்குப் பட்டியலில் இயற்கை ரப்பர் இருக்கிறது.

ஆனால் துறைமுகத்தில் சரக்குக்கு வரி போடுவது குறியீட்டு எண்ணைப் பார்த்து. ஷீட், பிளாக் ரப்பர் எல்லாம் 4001. அதே ரப்பரில் கார்பன் பிளாக் (வலுவூட்டும் கரித்தூள்) போன்றவற்றைக் கலந்துவிட்டால் அது காம்பவுண்ட் ரப்பர், எண் 4005. சுங்க அட்டவணையின் 40ஆம் அத்தியாயக் குறிப்பே இப்படித்தான் பிரிக்கிறது. விலக்கு 4001க்குக் கிடைத்தது. 4005 சலுகை வரியில் உள்ளே வந்தது. டயர் ஆலை எப்படியும் ரப்பரில் கார்பன் பிளாக் சேர்த்தாக வேண்டும். அதை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சேர்த்து வாங்கினால் வரி மிச்சம்.

இந்த ஓட்டையை மத்திய அரசே பிறகு ஒப்புக்கொண்டது. 2023 பட்ஜெட்டில் காம்பவுண்ட் ரப்பரின் அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து இயற்கை ரப்பருக்கு இணையாக உயர்த்தினார்கள். வரியைச் சுற்றிக்கொண்டு வருவதைத் தடுக்கவே இது என்று காரணமும் சொன்னார்கள். உயர்ந்தது பொது வரி மட்டும். ஆசியான் நாட்டில் உற்பத்தியானது என்ற மூலச்சான்றுடன் வரும் சரக்கை அது தொடாது. கையெழுத்துக்கு முன் பால்வெட்டும் தோட்டக்காரரையும் ஷீட் வாங்கும் வியாபாரியையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால், 4001ஐ அடைத்தால் 4005 வழியாக வரும் என்று அப்போதே சொல்லியிருப்பார்கள்.

இயற்கை ரப்பருக்கான வரியும் பெயரளவில்தான் 25 சதவீதம். ‘25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது’ என்பதே விதி. இறக்குமதி விலை 120 ரூபாயாக இருக்கும்போது இரண்டும் சமம். 200 ரூபாயானால் 25 சதவீதம் 50 ரூபாய், கட்டுவதோ 30. அதாவது 15 சதவீதம். சரி, வரியை உயர்த்தலாமே என்றால் அதற்கும் வழியில்லை. உலக வர்த்தக அமைப்பில் உலர் ரப்பருக்கு இந்தியா ஏற்றுக்கொண்ட உச்சவரம்பே 25 சதவீதம். அந்த அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் சுங்க அட்டவணையின் முதல் 24 அத்தியாயங்களை (மீன் நீங்கலாக), கூடவே பருத்தி, கம்பளி போன்ற சிலவற்றையும் வேளாண் பொருள் என்கிறது. ரப்பர் அதில் இல்லை. அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனிவாவில் அது தொழிற்சாலைச் சரக்கு! நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து பால் எடுப்பவர் அங்கே விவசாயிக் கணக்கில் வரமாட்டார்.

நம் விவசாயிகள் சார்பில் பேசுவது யார்? அரசியல் சாசனத்தில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆவது இனம். வெளிநாட்டு ஒப்பந்தங்கள் மத்தியப் பட்டியலில், அதுவும் 14ஆவது இனமாக. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் உரத் தட்டுப்பாடு பற்றி மனு கொடுத்தால் பதில் சொல்ல அதிகாரி இருக்கிறார். இறக்குமதி வரி பற்றிக் கொடுத்தால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ரப்பர் வாரியமோ, ஒப்பந்தம் பேசும் அதே வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு ரப்பர் சட்டப்படி அந்த வாரியத்தில் தமிழகத்துக்கு இரண்டு இடம், அதில் உற்பத்தியாளருக்கு ஒன்று.

பேரத்தின் ரகசியம் வெளியே போய்விடும் என்று சொல்லி, தரப்போகும் வரிச்சலுகைகளின் பட்டியலை மறைப்பதை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின்படி வேளாண் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. விளைபொருள் வாரியாகவும் தனித்தனிக் குழு உண்டு. உறுப்பினர்கள் ரகசியக் காப்புக்கு உட்பட்டு, பேச்சுவார்த்தை நடக்கும்போதே வரைவைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். அந்த ஊர் சோயா விவசாயிக்கு இருக்கும் வசதி இங்கே இல்லை. ஏழை நாடுகளால் முடியாது என்பதும் இல்லை. பெனின், புர்கினா ஃபாசோ, மாலி, சாட் ஆகிய நான்கும் 2003இல் ‘பணக்கார நாடுகள் தரும் பருத்தி மானியத்தை ஒழி’ என்ற ஒரே கோரிக்கையோடு போனதால்தான் ஜெனிவாவில் பருத்திக்குத் தனித் துணைக்குழுவே அமைந்தது. மானியம் முழுதாக ஒழியவில்லை என்பது வேறு விஷயம். இங்கே 2019 நவம்பரில் ஆசியான், சீனா உள்ளிட்ட நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதில் பால் கூட்டுறவுகளின் எதிர்ப்புக்குப் பங்கு உண்டு. கணக்கு வைத்திருந்த அமைப்பு அவர்களுக்கு இருந்தது.

விவசாயச் சங்கங்களும் ‘ஒப்பந்தத்தை ரத்து செய்’ என்று முழங்குவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த முழக்கத்தை வைத்துக்கொண்டு அதிகாரி பட்டியலில் ஓர் எண்ணைக்கூடத் திருத்த முடியாது. எட்டு இலக்கக் குறியீடு, கடந்த மூன்று ஆண்டில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது, நம் அடக்கவிலை, வரி சேர்ந்த இறக்குமதி விலை, கேட்பது விலக்கா ஒதுக்கீட்டு அளவா படிப்படியான குறைப்பா என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இறக்குமதி அளவை வர்த்தகத் துறையின் இணையத் தரவு வங்கியில் குறியீடு வாரியாக, நாடு வாரியாக இலவசமாகவே எடுக்கலாம். 2023-24இல் நாட்டின் உற்பத்தி சுமார் 8.5 லட்சம் டன், தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல். ஆகவே இறக்குமதியே கூடாது என்றால் எடுபடாது. எந்த எண்ணில், எந்த வரியில் என்பதுதான் வாதம்.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய 2023 ஆகஸ்டில் முடிவானது. 2025க்குள் முடிப்பது இலக்கு என்றார்கள். இந்த மறுஆய்வில் இந்தியா தரும் எந்தப் பட்டியலும், எண், இப்போதைய வரி, உச்சவரம்பு, தரப்போகும் சலுகை ஆகிய நான்கு விவரங்களோடு தமிழிலும் மலையாளத்திலும் ரப்பர் வாரியத்தின் மண்டல அலுவலகங்களுக்கு வர வேண்டும். கருத்துச் சொல்ல 60 நாளாவது வேண்டும். ரகசியம் காக்க வேண்டிய பகுதியை உறுதிமொழி கொடுத்த சிறு விவசாயிப் பிரதிநிதிகள் பார்க்கட்டும். தமிழக அரசும் வேளாண் துறையில் இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, குறைதீர் கூட்டத்தில் வரும் வரி தொடர்பான மனுக்களைத் தொகுத்து டெல்லிக்கு அனுப்பலாம். முதல் மனு 4005 பற்றியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு ரப்பர் விவசாயிகள் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.